ஊரில் ரூம் வாடகை, கையில் லண்டன் பென்சன்: விண்ணப்பம் முதல் வரி வரை முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ இரண்டு மூன்று ரூம் வாடகைக்கு விட்டால் லண்டன் பென்சனை வெட்டிவிடுவார்கள் என்றொரு கதை மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை முழுக்க உலாவுகிறது. வெட்டமாட்டார்கள். பிரிட்டிஷ் அரச பென்சன் என்பது நீங்கள் வேலை செய்த காலத்தில் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிக் கட்டணத்துக்குரிய பலன். பென்சன் வயதுக்குப் பிறகு உழைத்தாலும், வாடகை வாங்கினாலும், அது எந்த நாட்டில் நடந்தாலும், அதற்காக ஒரு பென்ஸும் குறையாது. உழைப்பை நிறுத்திவிட்டேன் என்று எங்கும் ஒப்பமிடவும் தேவையில்லை.

பென்சனைப் பாதிப்பவை வேறு. இலங்கையில் இருப்பவருக்கு வருடாந்த உயர்வு கிடையாது. உயிர்ச் சான்றிதழ் திரும்பிப் போகாவிட்டால் கொடுப்பனவு நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் இழுபடும். 'பென்சன் கிரெடிட்' என்ற வேறொரு உதவியையும் அரச பென்சனையும் ஒன்றென நினைத்தால் பெரிய சிக்கல் வரும். இங்கே பேசுவது பிரிட்டன் பென்சனை மட்டும்தான். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் பென்சன்களுக்கு விதிகள் வேறு.

1. எத்தனை வருடம் கட்டியிருக்கிறீர்கள்?

1951 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பின் பிறந்த ஆண்களும், 1953 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பின் பிறந்த பெண்களும் 2016இல் வந்த 'புதிய அரச பென்சன்' முறைக்குள் வருகிறார்கள். ஏதாவது கிடைக்கக் குறைந்தது 10 தகுதி வருடம் (நேஷனல் இன்சூரன்ஸ் கட்டிய அல்லது அதற்கு வரவு கிடைத்த வருடம்) வேண்டும். 2016க்குப் பிறகே கட்டத் தொடங்கியவருக்கு முழுத்தொகை பெற 35 வருடம். முழுத்தொகை 2025/26இல் கிழமைக்கு 230.25 பவுண். அந்த வீதத்தில் 20 வருடம் கட்டியவருக்குச் சுமார் 131.50 பவுண் வரும்.

பென்சன் வயது 66. 1960 ஏப்ரல் 6 முதல் 1961 மார்ச் 5 வரை பிறந்தவர்களுக்கு 66 வயதோடு சில மாதங்கள் கூடும். அதற்குப் பின் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67.

பதிவைப் பிரிட்டிஷ் அரச இணையத்தளத்தில் பார்க்கலாம். ஆனால் உள்நுழைய அடையாளம் உறுதிப்படுத்த வேண்டும். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் இங்கிருந்து அது பெரும்பாலும் சரிவராது. அப்படியானவர்கள் பிஆர்19 படிவத்தைத் தபாலில் அனுப்பி மதிப்பீட்டுக் கடிதம் பெறலாம்.

அறிக்கை வந்ததும் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

கடையிலும் பெற்றோல் ஷெட்டிலும் கைக்காசுக்கு வேலை செய்த வருடங்கள் அதில் இருக்காது. எத்தனை வருடம் முறிந்து வேலை செய்தாலும், முதலாளி பதியவில்லை என்றால் அந்த வருடம் வெற்று வருடம்தான்.

வேலைக்குப் போகாமல் பிள்ளை வளர்த்த பெண்கள் தங்களுக்கு ஒன்றும் வராது என்று விட்டுவிடுவது வழமை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கான அரச உதவிப்பணம்) எடுத்த காலத்துக்கு நேஷனல் இன்சூரன்ஸ் வரவு உண்டு. 2010க்கு முந்திய காலத்துக்கு 'வீட்டுப் பொறுப்புப் பாதுகாப்பு' என்ற ஏற்பாடு இருந்தது. அது பதிவில் விடுபட்டிருந்தால் எழுதிக் கேட்டுத் திருத்தலாம். புதிய முறையில் கணவன் கட்டிய வருடங்களைக் காட்டி மனைவி பென்சன் எடுக்க முடியாது. அவரவர் பதிவு அவரவருக்கு.

மருத்துவமனை, கவுன்சில், றோயல் மெயில் போன்ற இடங்களில் வேலை செய்தவர்களுக்கு 35 வருடம் இருந்தும் தொகை குறையலாம். 2016க்கு முன் அவர்களின் வேலை இடத்துப் பென்சன் திட்டம் அரச மேலதிகப் பென்சனுக்குப் பதிலாக நின்றதால், அந்தப் பங்கு கழிக்கப்படுகிறது. இது தவறல்ல. ஆனால் அந்த வேலை இடத்துப் பென்சனை நீங்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அரச பென்சனுக்கு விண்ணப்பித்தால் அதுவும் கூடவே வந்துவிடாது.

2. வெற்று வருடங்களைக் காசு கட்டி நிரப்பலாமா?

பொதுவாகக் கடந்த 6 வரி வருடங்கள் வரை பின்னோக்கிக் கட்டலாம். ஒவ்வொரு ஏப்ரல் 5உடனும் பழைய ஒரு வருடம் கைநழுவும். வெளிநாட்டில் இருந்து கட்ட சிஎஃப்83 படிவம்.

2025/26இல், விரும்பிக் கட்டும் 3ஆம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸ் கட்டணம் கிழமைக்கு 17.75 பவுண், வருடத்துக்கு 923 பவுண். ஒரு முழு வருடம் சேர்ந்தால் பென்சன் கிழமைக்குச் சுமார் 6.58 பவுண் கூடும். பென்சன் தொடங்கி ஏறத்தாழ 2 வருடம் 8 மாதத்தில் கட்டிய காசு திரும்பிவிடும். உயர்வு இல்லாத இலங்கையில் இருந்து பார்த்தாலும் இது நல்ல கணக்கு. 9 வருடத்தில் நிற்பவருக்கு 10ஆவது வருடம் பொன் மாதிரி: அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

வெளிநாட்டில் வேலையோ சுயதொழிலோ செய்வோர் இதுவரை கிழமைக்கு 3.50 பவுண் அளவில் 2ஆம் வகுப்பில் மலிவாகக் கட்டிவந்தார்கள். 2026 ஏப்ரல் 6 முதலான காலத்துக்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது. புதிதாக 3ஆம் வகுப்பில் வெளிநாட்டிலிருந்து கட்டத் தொடங்குபவருக்குப் பிரிட்டனில் 10 வருட வசிப்போ 10 வருடக் கட்டணப் பதிவோ இருக்க வேண்டும். பழைய வருடங்களை 2ஆம் வகுப்பில் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சாவியைக் கொடுத்து மாத வாடகை வாங்குவது சுயதொழில் ஆகாது. படுக்கை விரித்து, காலைச் சாப்பாடு கொடுத்து, நாளாந்தம் துப்புரவு செய்து நடத்தும் விருந்தினர் விடுதி சுயதொழில் ஆகலாம். பதிவுத் துண்டு, பற்றுச்சீட்டு, கணக்குக் கொப்பி ஆகியவை இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம்.

பென்சன் வயது வந்தபின் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டுவது முடிந்தது. வாடகை வருமானத்துக்காக மேலும் கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

3. உயர்வு நிற்கும் விடயம்: புறப்படும் திகதியைப் பாருங்கள்

பிரிட்டனில் இருப்பவருக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் பென்சன் கூடும். ஐரோப்பிய பொருளாதார வலய நாடுகளிலும், சுவிஸிலும், இதற்கென ஒப்பந்தம் உள்ள சில நாடுகளிலும் இருப்பவருக்கும் கூடும். இலங்கையோடு அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. ஆகவே இங்கே வசிப்பவருக்குப் பென்சன் தொடங்கிய நாளில், அல்லது பென்சனோடு இங்கே குடியேறிய நாளில், இருந்த தொகையே ஆயுள் முழுக்க. 2016/17இல் முழுத்தொகையான 155.65 பவுணோடு வந்தவர் இன்றும் அதையே வாங்குகிறார். அதே பென்சன் பிரிட்டனில் 2025/26இல் 230.25 ஆகிவிட்டது. 2026/27க்கு 241.30.

இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு சின்னது, பலன் பெரியது. ஏற்கெனவே பென்சன் எடுத்துக்கொண்டிருப்பவர் மார்ச் மாதம் ஊருக்குக் குடிபெயர்ந்தால் பழைய தொகையில் நின்றுவிடுவார். ஏப்ரல் உயர்வு நடைமுறைக்கு வந்தபின் பெயர்ந்தால் புதிய தொகையில் நிற்பார். அறுகம்பை சீசன் ஏப்ரல், மேயில்தான் தொடங்குகிறது என்பதால் ஏப்ரல் கடைசியில் வந்தாலும் வாடகைத் தொழிலுக்குப் பெரிய நட்டம் இல்லை.

பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் போகும் காலத்துக்கு அன்றைய முழு வீதம் தருவார்கள். ஆனால் நீங்கள் அறிவித்தால்தான். போகுமுன் சர்வதேசப் பென்சன் நிலையத்துக்கு (வெளிநாட்டில் வசிப்போரின் பென்சனைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அரச அலுவலகம்) திகதிகளைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் தொகை பழைய இடத்துக்கு இறங்கும். நிரந்தரமாகத் திரும்பிக் குடியேறினால் உயர்ந்த வீதம் அப்படியே தொடரும்.

'வாடகை வருகிறதே, பென்சனை ஒரு வருடம் பிந்தி எடுப்போம்' என்று நினைப்பவர்களுக்கு: ஒவ்வொரு 9 கிழமைத் தாமதத்துக்கும் 1 வீதம், வருடத்துக்கு 5.8 வீதம் அளவில் கூடும். 2025/26 முழுத்தொகையில் அது கிழமைக்குச் சுமார் 13.30 பவுண். விட்டுக்கொடுப்பது ஏறத்தாழ 11,970 பவுண். அதை மீட்க 17 வருடத்துக்கு மேல் போகும். அத்தோடு, இலங்கையில் இருப்பவருக்கு அந்த மேலதிகத் தொகை பென்சன் வயதில், அல்லது பின்னர் இங்கே பெயர்ந்திருந்தால் பெயர்ந்தபோது, இருந்த வீதத்தை வைத்தே கணக்கிடப்படும். பிறகு அதுவும் கூடாது. ஊரில் இருந்துகொண்டு பிந்தி எடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

4. விண்ணப்பம்

பென்சன் தானாக வராது, கேட்டால்தான் வரும். பென்சன் வயதுக்கு 4 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். பிந்திவிட்டாலும் 12 மாதம் வரை பின்திகதியிட்டுக் கேட்கலாம்.

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான படிவத்தை அரச இணையத்தளத்தில் இறக்கி நிரப்பித் தபாலில் அனுப்பலாம், அல்லது சர்வதேசப் பென்சன் நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். லண்டனில் காலை 9 மணி என்றால் அங்கே கோடையில் இங்கு பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. கையில் இருக்க வேண்டியவை: நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், பிரிட்டனில் இருந்த முகவரிகளும் திகதிகளும், பிரிட்டனை விட்டு வந்த திகதி, வேலை இடங்கள், விவாகத் திகதி, வங்கி விபரம்.

எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் தடக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் நீளமாக இருக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்பது இடம் மாறியிருக்கும். மட்டக்களப்பு வங்கிப் புத்தகத்தில் இரண்டு முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டும் இருக்கும். பென்சன் பகுதி பார்ப்பது நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் உள்ள பெயரை. ஆகவே படிவத்தில் அந்தப் பெயரையே எழுதி, 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் மற்றவை எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து போடுங்கள். பிறகு ஊர் வங்கிக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, கணக்கின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுமையாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக் கடதாசியை ஒரு லோயரிடமோ சமாதான நீதவானிடமோ செய்து வைப்பது இலங்கை வங்கிக்கு உதவும். அதை லண்டனுக்கு அனுப்புவதானால் ஆங்கிலத்தில் செய்யுங்கள்.

முகவரியும் அப்படித்தான். 'கோயிலடி, கல்லடி' என்று எழுதினால் தபால்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் மாறினால் கடிதமும் மாறும். வீட்டு இலக்கம், வீதி, ஊர், தபால் குறியீடு நான்கும் வேண்டும். வீட்டு இலக்கம் இல்லாதவர்கள் பிரதேச சபையில் அல்லது மாநகர சபையில் கேட்டு எடுத்த பிறகு படிவத்தை நிரப்புவது நல்லது. சோலைவரிப் பற்றுச்சீட்டில் உள்ள முகவரியும் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

5. காசு எங்கே வரவேண்டும்?

4 கிழமைக்கு ஒருமுறை அல்லது 13 கிழமைக்கு ஒருமுறை எடுக்கலாம். கிழமைக்கு 5 பவுணுக்குக் குறைவான பென்சன் வருடத்தில் ஒரு தடவை, டிசம்பரில் வரும்.

இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே கேட்டால் ரூபாயாக மாறி வரும். இலங்கையில் ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம் கிடையாது. சுவிஃப்ட் குறியீடு, கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம் மூன்றையும் வங்கியில் அச்சிட்டு வாங்கி அனுப்புங்கள். ரூபாயாக வரும் காசைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட முடியாது. பவுணாக வைத்திருக்க விரும்பினால் பென்சனைப் பிரிட்டிஷ் கணக்கில் எடுத்து, அங்கிருந்து தேவைக்கு ஊரிலுள்ள பவுண் கணக்குக்கு அனுப்ப வேண்டும். சில பிரிட்டிஷ் வங்கிகள் வெளிநாட்டில் வசிப்போரின் கணக்கை மூடிவிடும். குடிபெயருமுன் உங்கள் வங்கியிடம் கேளுங்கள், மூடிய பிறகு இங்கிருந்து புதிதாகத் திறப்பது மிகக் கடினம்.

வாடகைக் காசு இதே கணக்கில் விழக் கூடாது. பென்சன் அலுவலகத்துக்காக அல்ல, இறைவரிக்காக. வரி அதிகாரி கேட்கும்போது எது பென்சன், எது ரூம் காசு, எது மகன் அனுப்பியது என்று ஒரே புத்தகத்தில் பிரித்துக் காட்டுவது தலையிடி.

6. உயிர்ச் சான்றிதழ்

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டுத் தபாலில் ஒரு படிவம் வரும். அதில் நீங்கள் கையொப்பமிட்டு, சாட்சி ஒருவரும் கையொப்பமிட்டு, 16 கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். போகாவிட்டால் பென்சன் நிற்கும். யார் சாட்சியாகலாம் என்பது படிவத்திலேயே இருக்கும். வைத்தியர் போடலாம், சட்டத்தரணி போடலாம். சாட்சிக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. உறவினரிடம் போகாதீர்கள்.

16 கிழமை நிறைய என்று தோன்றும். மாரியில் வந்தால் அப்படியல்ல. நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் தபால் பிந்தும். லண்டன் போகும் சாதாரணத் தபாலும் கிழமைக் கணக்கில் எடுக்கும். படிவம் கையில் கிடைத்த அன்றே நிரப்பி, இரு பக்கமும் போட்டோ எடுத்து, பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கோவையில் வையுங்கள். பென்சன் நின்றுவிட்டால் பதறத் தேவையில்லை. தொலைபேசி எடுத்துப் புதிய படிவம் கேட்டு அனுப்பினால், நின்ற கிழமைகளுக்கானதையும் சேர்த்துத் தருவார்கள்.

7. வாடகைப் பக்கம்: யார் பெயரில் நடக்கிறது?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் உள்ளவர் சுற்றுலா விசாவில் வந்து விடுதி நடத்த முடியாது. இழந்த பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைப் பிரஜாவுரிமையாக மீட்டெடுக்கலாம். அது ஒரு நிரந்தர வழி. காணிக்கும் அது தேவை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடை இல்லை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு பெரும்பாலும் சீதனமாக மனைவி பெயரில் இருக்கும், அல்லது மகளுக்கு எழுதியாகியிருக்கும். வீட்டை அப்படியே மாத வாடகைக்குக் கொடுத்தால் அந்த வருமானம் உறுதியில் பெயருள்ளவருடையது. லண்டன் பென்சன்காரர் தன் பெயரில் பற்றுச்சீட்டு எழுதி, தன் கணக்கில் காசைப் போடுவது பின்னால் கேள்விக்கு இடம் வைக்கும். உறுதிக்காரர், வியாபாரப் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. மனைவி இலங்கைப் பிரஜை என்றால் அவர் பெயரில் நடத்துவது எல்லாவற்றிலும் இலகு.

காணி பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் பேசுங்கள். குடியிருக்கக் கொடுத்த காணியில் வியாபாரக் கட்டடம் எழுப்பினால் பிரச்சினை வரும். கடலோரம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம்: உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கபானா (கடற்கரைக் குடில்) ஒன்று போடவும் அனுமதி வேண்டும்.

சொந்தப் பெயர் அல்லாத பெயரில் நடத்துவதானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. பிறகு உள்ளூராட்சி அனுமதி: அறுகம்பைக்குப் பொத்துவில் பிரதேச சபை, பாசிக்குடாவுக்கு கோறளைப்பற்று பிரதேச சபை, கல்லடிக்கு மட்டக்களப்பு மாநகர சபை. சோலைவரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. வெளிநாட்டுப் பயணிகளை எடுப்பவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம்ஸ்டே அல்லது விருந்தினர் விடுதியாகப் பதிய வேண்டும்.

8. வரி

பிரிட்டிஷ் அரசு பென்சனைத் தரும்போது வரி வெட்டித் தருவதில்லை. பிரிட்டிஷ் பிரஜைக்கு வெளிநாட்டில் வசித்தாலும் 12,570 பவுண் வரிவிலக்கு இருக்கிறது. முழு அரச பென்சனும் அதற்குள் அடங்கும். நிரந்தரமாகப் பெயரும்போது பி85 படிவம் அனுப்பி வெளியேறியதை அறிவியுங்கள். அரை வருடம் அங்கும் அரை வருடம் இங்குமாக இருந்து, பிரிட்டனில் வரி வசிப்பாளராகவே தொடர்பவர் ஊர் வாடகையையும் அங்கே காட்ட வேண்டும். 1,000 பவுண் வரை சொத்து வருமானக் கழிவு உண்டு. வாடகை 'இங்கேதானே' என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இலங்கையில் வருடத்துக்கு 183 நாள் இருந்தால் இங்கே வரி வசிப்பாளர். 2025 ஏப்ரல் முதல் ஆளொருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம் என்று ஏறி 36 வீதம் வரை போகும். கணவன் மனைவி தனித்தனி, ஆளுக்கொரு விலக்கு. வெறும் வாடகை என்றால் மொத்தத்தில் 25 வீதம் கழிக்கலாம், திருத்த வேலைக்குத் தனியாகக் கழிக்க முடியாது. விடுதித் தொழில் என்றால் உண்மைச் செலவுகளைக் கழிக்கலாம்: சம்பளம், மின்சாரம், சலவை, ஒன்லைன் புக்கிங் தரகு.

உதாரணமாக, ஆறு மாத சீசனில் மாதம் 2 இலட்சம் வரவு, செலவு 80,000 என்று வையுங்கள். இலாபம் 7 இலட்சத்து 20 ஆயிரம். மனைவி பெயரில் வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி பூச்சியம். கணக்கு எழுத வேண்டியது அப்போதும் உண்டு.

வரி வருடம் மார்ச் 31உடன் முடியும், படிவம் நவம்பர் 30க்குள். பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 1979இல் கையெழுத்தானது. பென்சன் கடிதத்தோடு மட்டக்களப்பில் ஒரு வரி ஆலோசகரிடம் போய், அதைப் படிவத்தில் எங்கே எப்படிக் காட்டுவது என்று முதல் வருடமே தீர்த்துக்கொள்ளுங்கள்.

9. பென்சன் கிரெடிட் எடுப்பவர்களுக்கு

அரச பென்சன் குறைவாக இருக்கும் முதியோருக்குப் பிரிட்டனில் மேலதிகமாகத் தருவது பென்சன் கிரெடிட். இது வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தருவது. ஊர் வாடகை வருமானமாகவோ, ஊரில் உள்ள வளவும் வாடகை வீடும் சொத்தாகவோ கணக்கில் வரும், மறைத்தால் மோசடி. பிரிட்டனை விட்டுப் பொதுவாக 4 கிழமைக்கு மேல் வெளியே இருந்தால் இது நின்றுவிடும். சீசன் முழுக்க அறுகம்பையில் நின்றுகொண்டு லண்டன் கணக்கில் பென்சன் கிரெடிட் விழ விடுபவர் பிறகு முழுவதையும் திருப்பிக் கட்ட நேரிடும். வீட்டு வாடகை உதவி எடுப்பவரும் இதே கண்ணாலே பார்க்க வேண்டும். அரச பென்சன் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

10. அறிவிக்க வேண்டியவை

முகவரி, வங்கிக் கணக்கு, விவாகம் அல்லது விவாகரத்து, வேறு நாட்டுக்குப் பெயர்வது, பிரிட்டனுக்குத் திரும்புவது: இவை நடந்தால் பென்சன் நிலையத்துக்கு எழுதுங்கள். ரூம் ஒன்று கூடக் கட்டியதை எழுதத் தேவையில்லை.

பென்சன்காரர் இறந்தால் குடும்பம் உடனே அறிவிக்க வேண்டும். எட்டுச் செலவுக்குள் மறந்துபோய் இரண்டு கொடுப்பனவு கணக்கில் விழுந்துவிட்டால் அதை எடுக்காதீர்கள், திருப்பிக் கேட்பார்கள். மரணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் தேவைப்படும். அந்த இலக்கத்தை வீட்டு உறுதி இருக்கும் அதே கோவையில், பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.